டுபாய்க்கு எத்தனை மணித்தியாலம்?

சரக்கெடுக்க வெளிநாடு போக நினைக்கும் வியாபாரி முதலில் கேட்பது, "டிக்கட் எவ்வளவு?" என்பதைத்தான். "எத்தனை மணித்தியாலம்?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விமானம் பறக்கும் நேரம் மட்டுமே பதிலாகக் கிடைக்கிறது. மாத்தளையில் கடை வைத்திருப்பவருக்கு அந்தப் பதில் போதாது.

கட்டுநாயக்கவிலிருந்து டுபாய் வான்வழியே ஏறத்தாழ 3,300 கிலோ மீற்றர். நேரடி விமானம் சுமார் நாலரை மணித்தியாலத்தில் போய்விடும். சீனாவின் குவாங்சோ ஏறத்தாழ 4,000 கிலோ மீற்றர்; சுமார் ஐந்தரை மணித்தியாலம். மாத்தளையிலிருந்து கட்டுநாயக்கவுக்கோ 130 கிலோ மீற்றர் அளவுதான். ஆனால் வாகன நெரிசலில் அதற்கே நான்கு மணித்தியாலம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

டுபாய்ப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். வீதியில் நான்கு மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று, வானில் நாலரை, இறங்கிய பின் குடிவரவு, பொதிகள், டெக்சி என்று ஒன்றரை. மொத்தம் 13 மணித்தியாலம். வானில் கழிவது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

டிக்கட்டிலுள்ள நேரமும் ஏமாற்றும். புறப்படும் நேரம் நம் நாட்டு நேரம். இறங்கும் நேரம் அந்நாட்டு நேரம். டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது; சீனா இரண்டரை மணித்தியாலம் முந்தியது. காலை 10.00 மணிக்குப் புறப்பட்டு 1.00 மணிக்கு டுபாயில் இறங்குவதாக இருந்தால் மூன்று மணித்தியாலப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் அது நாலரை.

இதைவிட முக்கியமானது நள்ளிரவு விமானம். 15ஆம் திகதி 00.45 என்றிருந்தால், 14ஆம் திகதி பிற்பகலே மாத்தளையை விட்டுப் புறப்பட வேண்டும். 15ஆம் திகதி இரவு போய் நின்றால் விமானமும் இல்லை, டிக்கட் பணமும் இல்லை.

இடையில் இன்னொரு நாட்டில் பத்து மணித்தியாலம் காத்திருக்க வைக்கும் மலிவு டிக்கட்டையும் யோசித்தே வாங்க வேண்டும். மிச்சப்படும் பணத்தை, கடையில் நாம் இல்லாத ஒரு நாளின் வியாபாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

போகும் நாளும் பொருந்த வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2022 ஜனவரி முதல் அரச அலுவலகங்களுக்கு சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி அரை நாள். ஆவண வேலை உள்ளவர் வெள்ளி பிற்பகல் போய் இறங்கினால் திங்கள் வரை காத்திருக்க வேண்டும். குவாங்சோவின் கென்டன் கண்காட்சி 1957 முதல் நடந்து வருவது. இப்போது ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் ஆரம்பித்து, மூன்று கட்டங்களாக நடக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பொருள் வகை வேறு. கட்டம் மாறிப் போனால் 4,000 கிலோ மீற்றரும் வீண்.

இரண்டு நாள் சரக்குப் பார்க்கப் போனால், போக ஒரு நாள், வர ஒரு நாள் என நான்கு நாட்கள் கழிகின்றன. டிக்கட், தங்குமிடம், சாப்பாடு, நான்கு நாள் கடை இழப்பு எல்லாவற்றையும் கூட்டி, கொண்டுவரும் சரக்கின் மேல் பிரித்துப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகும் கொழும்பு மொத்த விலையைவிட மலிவாக வந்தால் தாராளமாகப் போகலாம். வராவிட்டால் கொழும்பு பஸ்ஸே இலாபம்.