காயம்பட்ட உடலுக்கு மாத்திரை மட்டும் போதுமா?



தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பண்டிதரை நாம் 'தமிழன்' இதழின் ஆசிரியராக, தமிழ் பௌத்தத்தை மீட்டவராக அறிவோம். தொழிலால் அவர் சித்த மருத்துவர். நாடி பார்த்த அதே கைதான் 1907 முதல் சாதியின் பொய்களைத் தோலுரித்து எழுதியது. ஆகவே அவர் நினைவாக நடக்கும் இந்த உரையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றை 'வாழ்க்கைமுறை நோய்கள்' என்கிறார்கள். இந்தச் சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. நீ தின்றாய், நீ நடக்கவில்லை, நீ குடித்தாய், ஆகவே உனக்கு நோய் என்பதே அது. உணவும் உழைப்பும் பழக்கமும் நோயைத் தீர்மானிப்பது உண்மைதான். ஆனால் அந்த வாழ்க்கையை யார் தீர்மானித்தார்கள் என்ற கேள்வி அதற்குள் மறைந்துபோகிறது.

1998-இல் அமெரிக்க மருத்துவர்கள் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் அண்டா ஆகியோர் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் அடி, பாலியல் வன்முறை, தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடி போன்றவற்றில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, நடுவயதில் இதயநோயும் புற்றுநோயும் நுரையீரல் நோயும் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. அந்தக் கேள்வித்தாளில் சாதி இல்லை. தனி டம்ளர் இல்லை. வகுப்பறையில் சாதிப் பெயரால் அழைக்கப்பட்ட பிள்ளை இல்லை. அவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியவர்கள் நாம்.

காயம் எப்படி நோயாகிறது? ஆபத்து வந்தால் உடல் அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது. நாய் துரத்தும்போது ஓடுவதற்கு இது உதவும். நாய் போனதும் எல்லாம் அடங்கிவிட வேண்டும். நாய் போகவே இல்லையென்றால்? கார்ட்டிசால் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்குவதில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. தூக்கம் கெடுகிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. நரம்பியலாளர் புரூஸ் மெக்ஈவன் இதை 'அலோஸ்டேடிக் லோட்' என்றார். நம் மொழியில் தேய்மானச் சுமை எனலாம்.

வறுமைதான் காரணம், சாதி இல்லை என்பார்கள். 2022-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் 9 மாநிலங்களை எடுத்துக்கொண்டது. தமிழ்நாடு அதில் இல்லை. அங்கே தலித்துகளின் ஆயுட்காலம் உயர்சாதி இந்துக்களைவிட 3 ஆண்டுக்கு மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு 4 ஆண்டுக்கு மேல் குறைவு. இந்த இடைவெளியில் பொருளாதார நிலையால் விளக்க முடிந்தது பாதிக்கும் குறைவே. மீதியைச் சாதி என்னும் அன்றாட அவமதிப்பையும் ஒதுக்கலையும் விட்டுவிட்டு விளக்க முடியாது என்பது என் துணிபு.

நம் பக்கத்துக்கே வருவோம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் இன்னும் பலர் வந்தார்கள். இவர்களில் பெரும்பான்மையினர் தலித் மக்கள். வீட்டை இடிப்பதை ஒரு நாள் நிகழ்ச்சி என்று நினைக்கிறோம். உடலுக்கு அது ஒரு நாளில் முடிவதில்லை. வீட்டு வேலை செய்த தெரு இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கடன் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர் வேறு பிளாக்கில் இருக்கிறார். முகவரியைச் சொன்னதும் வேலை இல்லை என்கிறார்கள். லிஃப்ட் நின்றால் ஏழாவது மாடியில் இருக்கும் மூட்டுவலிக்காரப் பாட்டிக்கு ஆஸ்பத்திரி எட்டாத ஊர். அவரிடம்தான் 'டென்ஷன் ஆகாதீங்க, தினமும் நடங்க' என்று சொல்லி அனுப்புகிறோம்.

1980-இல் அமெரிக்க மனநல மருத்துவம் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய' பாதிப்பை ஒரு நோயாக ஏற்றுக்கொண்டது. அந்தப் 'பிந்தைய' என்ற சொல், அதிர்ச்சி முடிந்துவிட்டது என்று நம்புகிறது. நமக்கு அது முடியவில்லை. இரவில் தூங்காத பெண்ணுக்கு நேற்றின் நினைவும் இருக்கிறது, நாளை வரப்போகும் நோட்டீஸின் பயமும் இருக்கிறது.

அப்படியானால் முழுமையான மருத்துவம் எது? சந்தையில் 'ஹோலிஸ்டிக்' என்ற பெயரில் விற்கப்படும் எண்ணெயும் முகாமும் அல்ல. மெட்ஃபார்மினையோ இன்சுலினையோ நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்கச் சொல்வதும் அல்ல. அது ஆளைக் கொல்லும். சித்தத்தில் நல்லவை உண்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஆனால் உணவே மருந்து என்று சொல்கிறவர்கள், ரேஷன் அரிசியை நம்பி வாழும் குடும்பம் கீரைக்கும் பயறுக்கும் எங்கே போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் சான்று இருக்கிறது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஓர் ஆய்வு நடந்து 2020-இல் வெளியானது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கவனித்தபோது, 24 மாத முடிவில் மனச்சோர்வு குறைந்ததோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது மேம்பட்டவர்கள், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம். கோவாவில் நடந்த ஆய்வுகளோ, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மக்களே மனச்சோர்வுக்கு ஆலோசனை தந்து குணப்படுத்த உதவ முடியும் என்று நிறுவின.

இவற்றிலிருந்து மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கு வருகிறது. அந்தப் பணியாளர் சர்க்கரை அளவோடு, எங்கிருந்து அகற்றப்பட்டீர்கள், தூங்குகிறீர்களா, யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறீர்கள் என்றும் கேட்கட்டும். இரண்டாவது, பெரும்பாக்கத்துப் பெண்களையே ஊதியத்தோடு ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்க வேண்டும். மூன்றாவது, கட்டாய வெளியேற்றத்தைப் பொது சுகாதாரப் பிரச்சினையாக அறிவித்து, இடிக்கும் முன் அதன் நோய்ச்சுமையையும் கணக்கிட வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஆய்வேடுகளில் சாதியை ஒரு பத்தியாக எழுதிவிட்டுப் போய்விடாதீர்கள். பாட்டியின் மாத்திரைச் சீட்டை வாங்கிப் பாருங்கள். அது எந்த ஆண்டு தொடங்கியது, அந்த ஆண்டு அவர் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். நோயைப் பார்த்த பண்டிதர் நோய் பிறந்த சமூகத்தையும் பார்த்தார். சானடோரியத்தில் அவர் பெயரை எழுதிவைத்த நாம் அந்தப் பார்வையையும் கற்றுக்கொள்ள வேண்டும்.