மார்ச்சில் வந்த மகிழ்ச்சி ஏப்ரலில் எங்கே போகிறது?

மருந்து நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கும் வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்கள் மாதாந்திர மீட்டிங்கில் இப்போது முதல் பத்து நிமிடம் நன்றி சொல்லும் பயிற்சி. நன்றி சொல்லத் தகுந்த மூன்று விஷயங்களை ஒவ்வொருவரும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஸ்டோயிக் தத்துவம் பற்றி ஆளுக்கொரு புத்தகமும் கொடுத்தார்கள். நன்றியுணர்வு மூளையின் அமைப்பையே மாற்றிவிடும் என்றார் வந்திருந்த பயிற்சியாளர். மார்ச்சில் வருட டார்கெட்டைத் தாண்டினேன். அந்தச் சந்தோஷம் ஏப்ரல் முதல் வாரம் புது டார்கெட் மெயில் வரும்வரைதான் இருந்தது. மூன்று விஷயம் சொன்னால் அது திரும்பி வந்துவிடுமா சார்?"

மூன்று விஷயம் சொல்வதால் வராது. ஆனால் இந்த வாசகர் மார்ச், ஏப்ரல் பற்றிச் சொல்லியிருப்பது நரம்பியல்காரர்கள் மின்முனை வைத்துப் பார்த்ததோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஸ்டோயிக்குகள் சொன்ன பயிற்சியும், அவர்கள் சொன்ன விதத்தில் செய்தால், சரியாக அந்த இடத்தைத்தான் தொடுகிறது. மீட்டிங் ஹாலில் நடப்பது அந்தப் பயிற்சி அல்ல.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடுவோம். டோபமைன் 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று யூடியூபில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் பல ஆண்டுகளுக்கு முன்பே காட்டியது வேறு. டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைவிட்டால், அது ருசித்துச் சப்புக்கொட்டத்தான் செய்கிறது. தானாக எழுந்துபோய்ச் சாப்பிடத்தான் அதற்கு உந்துதல் இல்லை. ஆக, ருசி வேறு, நாட்டம் வேறு. டோபமைன் நாட்டத்தின் பக்கம் நிற்கிறது. 'டோபமைன் விரதம்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் அது எதை அளக்கிறது? இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுதான். சுவிட்சர்லாந்தின் ஃப்ரீபூர் பல்கலைக்கழகத்தில் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனையைச் செலுத்தி, டோபமைன் நரம்பணுக்களை ஒவ்வொன்றாகக் கவனித்தார். குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழரசம் விழும். சும்மா இருக்கும்போது நொடிக்குச் சில முறையே துடிக்கும் நரம்பணு, எதிர்பாராத அந்தச் சொட்டுக்குப் படபடவென்று துடித்தது. பிறகு, ரசம் வருவதற்குச் சற்று முன்னால் ஓர் அடையாளம் காட்டினார். குரங்கு பழகியதும் துடிப்பு அடையாளத்துக்கு இடம்மாறிவிட்டது. ரசம் வந்தபோது நரம்பணு கண்டுகொள்ளவே இல்லை. அதே ரசம், அதே இனிப்பு.

மூன்றாவதாக, அடையாளத்தைக் காட்டிவிட்டு ரசத்தைக் கொடுக்காமல் விட்டார். ரசம் வழக்கமாக விழும் அந்தக் கணத்தில் நரம்பணு வாயடைத்துப்போனது. வழக்கமான துடிப்பும் நின்றது. யோசித்துப் பாருங்கள், வெளியுலகில் அந்தக் கணத்தில் எதுவுமே நடக்கவில்லை. ஒளி இல்லை, ஒலி இல்லை, தொடுகை இல்லை. நடக்காத ஒன்றை ஒரு செல் பதிவுசெய்கிறது. என்ன வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்ற கணக்கு ஏற்கெனவே உள்ளே இருந்தால்தான் இது சாத்தியம். வந்தது எவ்வளவு, எதிர்பார்த்தது எவ்வளவு, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு: அந்த வித்தியாசத்தைத்தான் செல் சொல்கிறது. பீட்டர் டயான், ரீட் மாண்டேகு இருவரோடும் சேர்ந்து ஷுல்ட்ஸ் 1997இல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார். கணினிகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கணிதக்காரர்கள் உருவாக்கி வைத்திருந்த ஒரு சமன்பாடு குரங்கின் தலைக்குள் உயிரோடு இருந்ததைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! 2017இல் ஷுல்ட்ஸ், டயான், ரே டோலன் மூவருக்கும் 'பிரெய்ன் பிரைஸ்' கிடைத்தது.

மளிகைக் கடையின் எலெக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வாங்கத் தூக்குவாளி கொண்டுபோகிறீர்கள். கடைக்காரர் காலி வாளியைத் தட்டில் வைத்து 'டேர்' பொத்தானை அழுத்துகிறார். வாளி தட்டில்தான் இருக்கிறது, திரையில் பூஜ்யம். ஊற்றுகிற எண்ணெய்க்குத்தான் எண் ஏறும். அரை கிலோ ஊற்றிவிட்டு மறுபடி டேர் அழுத்தினால் மறுபடி பூஜ்யம். டோபமைன் நரம்பணு இப்படிப்பட்ட தராசு. பழகிய ரசம் முழுவதும் வாளியின் எடையில் சேர்ந்துவிட்டது. வாளியையே தூக்கிவிட்டால்? எண் மைனஸில் காட்டும். குரங்குக்கு ரசம் வராத கணம் அதுதான்.

ஒப்புமையை இன்னும் இழுக்கிறேன், தாங்கும். நகைக்கடைத் தராசு மில்லிகிராமுக்கு அசையும். அரிசி மண்டித் தராசுக்குக் கைப்பிடி அரிசி தெரியவே தெரியாது. ஷுல்ட்ஸ் குழுவினர் 2005இல் கண்டது, ஒரே நரம்பணு சூழ்நிலைக்கேற்ப இரண்டு தராசாகவும் மாறிக்கொள்கிறது என்பது. சிறு பரிசுகள் மட்டுமே கிடைக்கும் நேரத்தில் சிறு வித்தியாசத்துக்கே பலமாகத் துடிக்கிறது. பெரிய பரிசுகள் புழங்கும்போது அதே வித்தியாசம் அதற்குப் பெரிதாகத் தெரிவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டாக்டர் முதல்முறையாக நம் பிராண்டை எழுதினார் என்று மெடிக்கல் ஷாப்காரர் சொன்னபோது கால் தரையில் படாமல் நடந்த ரெப், பத்து வருடம் கழித்து லட்சக்கணக்கில் நடக்கும் ஆர்டரை 'சரி' என்று குறித்துக்கொண்டு போவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

டேர் பொத்தானுக்கு வருவோம். குரங்கின் பொத்தானைப் பழக்கம் அழுத்தியது. விற்பனைக்காரருடைய பொத்தானைப் பழக்கத்தோடு சேர்ந்து நிறுவனமும் அழுத்துகிறது. போன வருட விற்பனை மொத்தமும் வாளியின் எடைக்குள் போகிறது, அதன் மேல் இத்தனை சதவீதம் குரோத் என்று வாளியில் இல்லாத எடையையும் சேர்த்து டேர் போடுகிறார்கள். அதனால் ஏப்ரல் முதல் தேதி திரை பூஜ்யத்தில்கூட நிற்பதில்லை, மைனஸில் தொடங்குகிறது. வருடம் முழுக்க உழைத்து அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், அன்று பொத்தான் மறுபடி அழுத்தப்படும். இந்த வாசகருக்கு ஏற்பட்ட வெறுமை குணக்கேடு அல்ல, நன்றிகெட்டதனமும் அல்ல. இப்படி அமைந்த தராசு இப்படித்தான் காட்டும்.

குரங்கின் செல் நொடிக் கணக்கில் செய்வதை மனிதனின் வருடக் கணக்குக்கு அப்படியே நீட்ட முடியாது. இடையில் ஒரு பாலம் வேண்டும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ராப் ரட்லெட்ஜும் சகாக்களும் 2014இல் அதைப் போட்டார்கள். சின்னச் சின்னப் பந்தயங்கள், சில பந்தயங்களுக்கு ஒருமுறை ஒரே கேள்வி: இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்? ஆய்வகத்தில் 26 பேர், பிறகு செல்போன் செயலி வழியாக 18,420 பேர். மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பின்பற்றி சந்தோஷம் ஏறவில்லை. சற்று முன் கிடைத்தது எதிர்பார்த்ததைவிட மேலா கீழா என்பதைப் பின்பற்றியே ஏறி இறங்கியது, சில பந்தயங்களுக்குள் தேய்ந்தும் போனது. 'எதிர்பார்ப்பே வைக்காதே, நிம்மதியாக இருப்பாய்' என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர்கள் அந்த ஆய்வின் மறுபாதியைப் படிக்கவில்லை. நல்ல வாய்ப்பு முன்னால் இருக்கிறது என்ற எதிர்பார்ப்பும் அந்த நேரத்துச் சந்தோஷத்தைக் கூட்டியது. விளையாட்டுப் பந்தயம் வாழ்க்கை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

ஸ்டோயிக் வரலாறு வேண்டுபவர்களுக்காக ஒரு பத்தி. சைப்ரஸ் தீவின் ஜீனோ, சரக்கேற்றிய கப்பல் மூழ்கியபின் ஏதென்ஸ் வந்து தத்துவத்துக்குள் நுழைந்த வியாபாரி என்று மரபு சொல்கிறது. கி.மு. 300 வாக்கில் அவர் தொடங்கியதை ரோமாபுரியில் செனகாவும், அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸும், பேரரசர் மார்கஸ் ஔரேலியஸும் வளர்த்தார்கள். மார்கஸின் குறிப்பேட்டில் முதல் பாகம் முழுவதும் நன்றிதான்: தாத்தாவிடம் இது, தாயிடம் இது, இன்ன ஆசிரியரிடம் இது கற்றேன் என்று ஆள் ஆளாக. 1950களில் ஆல்பர்ட் எல்லிஸும் பின்னர் ஆரன் பெக்கும் வகுத்த மனச் சிகிச்சை முறைகளுக்கு ஸ்டோயிக்குகளிடம் கடன் உண்டு, அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இது போதும்.

ஸ்டோயிக்குகளின் பயிற்சியில் முக்கியமானது, கையில் இருப்பது இல்லாமல் போவதாக நினைத்துப் பார்ப்பது. தராசு மொழியில் சொன்னால், வாளியை ஒரு கணம் தூக்கிப் பார்ப்பது. திரையில் மைனஸில் தெரியும் எண்தான் இத்தனை நாளும் பூஜ்யமாகத் தெரிந்த வாளியின் உண்மையான எடை. இதன் நெருங்கிய உறவான ஒன்றை மிங்க்யுங் கூ, டிமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் முதலானோர் 2008இல் சோதித்தார்கள். துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்கக்கூடிய வழிகளை எழுதியவர்களுக்கு உறவில் நிறைவு கூடியிருந்தது. முன்கூட்டியே ஊகிக்கச் சொன்னபோது, இப்படித்தான் ஆகும் என்று பொதுவாக எதிர்பார்க்கப்படவும் இல்லை. அதனால்தான் மீட்டிங்குகளில் பட்டியல் போடச் சொல்கிறார்கள் போலும். அதுதான் பலன் தரும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது.

ஒரு ரெப்புக்கு இது எப்படி இருக்கும்? 'என் வேலைக்கு நன்றி' என்று எழுதினால் வாளி அசையாது. டவுன் பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருக்கும் அந்த மெடிக்கல் ஷாப் அண்ணனை நினைத்துக்கொள்ளலாம். இரவு ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "தம்பி, அந்த டாக்டர் வியாழக்கிழமை பேஷண்ட் கம்மி, அன்னிக்குப் போ" என்றவர் அவர்தான். அந்த இரவு அவர் கடையில் இல்லாமல் இருந்திருந்தால்? வேறு ஏரியா ஒதுக்கியிருந்தால்? அந்த டாக்டருடைய பெஞ்சில் இன்னும் எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்போம்? காரணகாரியத்தோடு, பேரும் முகமுமாக யோசித்தால்தான் மனம் அசைகிறது. கூ குழுவினர் ஆராய்ந்தது நடந்த நல்லது நடக்காமல் போயிருந்தால் என்பதை. நாளை எல்லாம் போய்விடும் என்று முன்னோக்கி நினைப்பது வேறு விஷயம். ஏற்கெனவே கவலையில் தூக்கம் கெட்டிருப்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

இந்தப் பயிற்சிக்கும் டேர் விழும் என்பதைப் பயிற்சியாளர்கள் சொல்வதே இல்லை. சோன்யா லியுபோமிர்ஸ்கி குழுவினர் பார்த்தபோது, வாரம் ஒருமுறை நன்றிக் கணக்கு எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. நன்றிக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்ப் படித்துக்காட்டும் பயிற்சியை மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் சோதித்தபோது ஒரு மாதம்வரை நல்ல ஏற்றம் இருந்தது, மூன்றாம் மாதத்தில் அது இல்லை. 27 ஆய்வுகளை, 3,675 பேரைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றிப் பயிற்சிகளால் விளைவது சிறு பலனே என்றது. மூளை மாறுகிறது என்ற பேச்சையும் இந்த அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். எதைக் கற்றாலும் மூளை மாறத்தான் செய்யும். பஸ் ரூட் மனப்பாடம் ஆனாலும் மாறும்.

எபிக்டெட்டஸ் கொடுத்த இன்னொரு கருவி இந்தத் தொழிலுக்கு இதைவிடப் பயன்படும் என்று நம்புகிறேன்: நம் வசத்தில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரிப்பது. எதிர்பார்ப்பை முற்றிலும் எடுத்துவிட முடியாது, எதன் மேல் வைப்பது என்பதை மாற்றலாம். டாக்டர் எழுதுவாரா என்பது ரெப்பின் வசத்தில் இல்லை. இந்தச் சந்திப்புக்குத் தயாராகப் போனேனா, பக்கவிளைவு பற்றிக் கேட்டபோது மழுப்பாமல் சொன்னேனா, ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கு இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்தேனா என்பவை அவர் வசத்தில் இருக்கின்றன. நாள் முடிவில் வித்தியாசக் கணக்கை இவற்றின் மேல் போட்டால், மைனஸ் வந்தாலும் அதிலிருந்து கற்க ஏதாவது இருக்கும்.

'எழுதமாட்டேன்' என்று டாக்டர் சொன்னதை 'நான் லாயக்கில்லை' என்று எடுத்துக்கொள்வது நம் தீர்ப்பு, அவர் சொன்னதல்ல என்பதும் எபிக்டெட்டஸ் பாடம். ஆயுள் காப்பீட்டு ஏஜென்டுகளிடம் செலிக்மனும் பீட்டர் ஷுல்மனும் நடத்தி 1986இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். மறுப்பைத் தற்காலிகமானதாக, குறிப்பிட்ட சூழலுக்கு உரியதாக விளக்கிக்கொள்ளும் பாதிப்பேர், மற்றப் பாதியைவிட முதல் இரண்டு ஆண்டுகளில் 37 சதவீதம் அதிகம் விற்றிருந்தார்கள். அது 94 ஏஜென்டுகளைப் பார்த்த கணக்கு. நன்றாக விற்பதாலேயே நம்பிக்கை வந்திருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. புதிதாகச் சேர்ந்த 103 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தபோதும் அதே திசையில்தான் முடிவு வந்தது. நல்ல சேதி, அதே சமயம் ஒரே தொழிலில் எடுத்த சிறு ஆய்வு.

இனி மீட்டிங். நன்றியுணர்வு பற்றி செனகா ஏழு பாகங்களில் எழுதினார். நன்றிகெட்டவனைச் சட்டத்தால் தண்டிக்கலாமா என்று அதில் ஒரு விவாதம் வருகிறது. கூடாது என்கிறார்: கட்டாயப்படுத்தி வாங்கினால் நன்றிக்கு மதிப்பே போய்விடும். மேனேஜர் முன்னால் எழுந்து நின்று மூன்று விஷயம் சொல்லச் சொல்வதை அவர் ஏற்றிருக்கமாட்டார். போதும் என்ற மனநிறைவு ஒருவர் தனக்குத்தானே தேடிக்கொள்வது. டார்கெட் போடுகிறவர் அதை எதிராளியிடம் கேட்டு வாங்க முடியாது, அப்படிக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே வாசகருக்கு: வாரம் ஒருமுறை, ஞாயிறு சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஓர் ஆளை எடுத்துக்கொண்டு அவர் இல்லாமல் போயிருந்தால் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். முடிந்தால் அவருக்கு போன் போடுங்கள். சலித்துப்போனால் சில வாரம் விட்டுவிடுங்கள். புது டார்கெட் அதிகம் என்று பட்டால் அது தனி வழக்கு. உங்கள் ஏரியாவில் எத்தனை டாக்டர்கள், போன மூன்று வருடம் மாதவாரியாக எவ்வளவு விற்றது, எந்த பிராண்டுக்கு எத்தனை புதுப் போட்டி வந்திருக்கிறது என்ற கணக்கை எழுதிக்கொண்டு ஏரியா மேனேஜரிடம் போய் உட்காருங்கள்.