பெயர் பார்த்து வாங்குவதா? தரம் பார்த்து வாங்குவதா?

2011ஆம் ஆண்டு மீள்குடியேறிய பின், துணியில் வர்ணம் தீட்டுவதைத்தான் நான் சுயதொழிலாகத் தொடங்கினேன். முதல் ஓடர் ஒரு கலியாண வீட்டுக்குப் பன்னிரண்டு தலையணை உறைகள். கையிலிருந்த காசுக்கேற்ப, கடையில் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைத்த வர்ணப் போத்தல்களை வாங்கினேன். இரண்டு கிழமை இரவு பகலாகத் தீட்டிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் அந்த அம்மா உறைகளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். "பிள்ளை, ஒருக்காத்தான் தோய்ச்சனான். பாரும்" என்றார். ரோசாப்பூவின் சிவப்பு வெள்ளைத் துணி முழுவதும் பரவியிருந்தது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். துணிக்குச் செலவழித்ததும் என் தலையில் விழுந்தது.

அடுத்த முறை கடன்பட்டு, மூன்று மடங்கு விலையில், எல்லோருக்கும் தெரிந்த பெயருள்ள வர்ணம் வாங்கினேன். அதுவும் சில இடங்களில் உரிந்து வந்தது! பிழை வர்ணத்தில் மட்டுமல்ல, என்னிலும் இருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

இந்தத் தொழிலில் பழகிய ஒரு அக்காவிடம் கேட்டேன். புதுத்துணியில் கஞ்சிப்பசை இருக்கும். தோய்க்காமல் தீட்டினால் வர்ணம் நூலில் பிடிக்காமல் பசையின் மேல் நிற்கும், பசை போகும்போது அதுவும் போகும் என்றார். துணி வர்ணத்தில் நிறத்தூளும், அதைத் துணியோடு பிடித்து வைக்கும் ஒட்டுப்பசையும் இருக்கின்றன. மிச்சம் பிடிக்க நான் தண்ணீரை அதிகம் கலந்ததால் ஒட்டும் சக்தி குறைந்துவிட்டது. தீட்டி ஒரு நாள் காயவிட்டு, துணியின் மறுபக்கத்தில் அயன் பண்ணவேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் தரம் முக்கியமில்லையா? அதையும் சோதித்துப் பார்த்தேன். தோய்த்த பருத்தித் துணித்துண்டில் இரண்டு வகை வர்ணங்களையும் பக்கம் பக்கமாகப் பூசி, காயவிட்டு, அயன் பண்ணி, பாதியை வெட்டிச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தேன். மலிவான சிவப்பு மறுபடியும் கரைந்தது. ஆனால் அதே மலிவு வகையில் பச்சை அசையவில்லை! அன்றிலிருந்து எந்தப் புது வர்ணத்தையும் சோதிக்காமல் நான் ஓடருக்குத் தொடுவதில்லை. வெயிலில் மங்குமா என்று பார்க்கவும் வழி உண்டு. பூசிய துண்டின் பாதியைத் தடித்த மட்டையால் மூடி ஒரு மாதம் யன்னலோரம் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

பெயரும் தரமும் ஒன்றல்ல என்பதற்கு இன்னோர் உதாரணம். 1832இல் லண்டனில் தொடங்கிய வின்சர் அன்ட் நியூட்டன் மிகப் பெயர்பெற்ற வர்ண நிறுவனம். அதே நிறுவனம் நீர்வர்ணத்தில் ஓவியர்களுக்கு ஒரு வகையும், பழகுவோருக்குக் 'கொட்மன்' என்ற மலிவான வகையும் தயாரிக்கிறது. பெயரைப் பார்த்தால் போதாது, எந்த வகை என்றும் பார்க்கவேண்டும்.

எல்லாவற்றிலும் விலை கூடியதை வாங்கவேண்டும் என்றில்லை. படம் வரையப் பள்ளிக்கூடப் பென்சில் போதும். வர்ணம் கலக்கப் பழைய சிரட்டை அல்லது தட்டு போதும். பெரிய இடங்களை நிரப்ப மலிவான தூரிகை போதும். ஆனால் ஓரக்கோடு இழுக்க, நுனி பிரியாத, மயிர் உதிராத தூரிகை ஒன்றாவது வேண்டும். வர்ணத்திலும் பன்னிரண்டு நிறப் பெட்டி தேவையில்லை. நல்ல சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு இருந்தால் மற்ற நிறங்களில் அநேகமானவற்றைக் கலந்து எடுக்கலாம். போத்தலைக் குலுக்கிப் பாருங்கள். அடியில் இறுகியிருந்தால் வாங்காதீர்கள்.

பிறகு நான் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு சோடி உறைக்குத் துணி, தையற்கூலி, என் இரண்டு நாள் வேலை, வர்ணம் என்று எழுதிப் பார்த்தபோது, எல்லாவற்றிலும் குறைந்த தொகை வர்ணத்துக்குத்தான். அந்தச் சிறு தொகையில் மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மற்ற மூன்றையும் இழந்திருந்தேன்.

சகோதரிகளே, கடைக்காரர் சொல்லும் பெயருக்காக அதிகம் கொடுக்கவும் வேண்டாம், மலிவு என்பதற்காக அள்ளி வரவும் வேண்டாம். ஒரு சிறிய போத்தல் வாங்கி, ஒரு துணித்துண்டில் சோதித்துப் பாருங்கள். அந்தக் கலியாண வீட்டு அம்மா மூன்று வருடம் கழித்துத் தன் இளைய மகளின் கலியாணத்துக்கும் என்னிடமே வந்தார். ஓடர் தருவதற்கு முன் சோதித்த துண்டைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் நனைத்து, விரலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் முற்பணம் தந்தார்.