காலிகோதேர்

காலிகோதேர்கள் என்பவை இன்று முற்றிலும் அழிந்துபோன தாவர உண்ணிப் பாலூட்டிகளின் ஒரு குடும்பமாகும். குதிரை, காண்டாமிருகம், தாப்பிர் ஆகியவை அடங்கிய ஒற்றைப்படைக் குளம்பிகள் வரிசையைச் சேர்ந்தவை. ஆயினும் இவற்றின் கால்களில் குளம்புகளுக்குப் பதிலாகப் பெரிய வளைநகங்கள் இருந்தன. இயோசீன் காலத்தில் தோன்றிய இவை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் வாழ்ந்தன.

கண்டுபிடிப்பும் குழப்பமும்

செருமனியின் எப்பெல்சைமில் கிடைத்த ஒரு நக எலும்பைப் பிரெஞ்சு அறிஞர் குவியே, பெரிய அழுங்கு ஒன்றினுடையது எனக் கருதினார். அதே ஊரில் கிடைத்த பற்களைக் கொண்டு 1833இல் காப் என்பவர் 'காலிகோதேரியம்' என்ற பேரினத்தை விவரித்தார். கிரேக்க மொழியில் இதற்குக் 'கூழாங்கல் விலங்கு' என்று பொருள்.

தாவர உண்ணியின் பல்லும் வளைநகமும் ஒரே விலங்கிடம் இருக்கும் என அப்போது எவரும் எண்ணவில்லை. பிரான்சின் சான்சானில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த ஃபியோல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டும் ஒரே விலங்கினுடையவை என்று காட்டினார். ஓர் உறுப்பை வைத்து முழு உடலையும் ஊகிப்பதில் உள்ள இடருக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

உடலமைப்பும் உணவும்

காலிகோதேரியத்தின் முன்னங்கால்கள் பின்னங்கால்களைவிட நீளமானவை. நகங்கள் தேயாதபடி, கொரில்லாவைப் போல விரல்களை மடக்கி ஊன்றி நடந்தது எனக் கருதப்படுகிறது. வட அமெரிக்காவின் மோரோபசு உள்ளிட்ட மற்றொரு பிரிவு, நடக்கும்போது நகங்களை மேலே தூக்கிக்கொண்டது. கிளைகளை வளைத்து இழுக்க நகங்கள் உதவியிருக்கலாம். உயரம் குறைந்த கடைவாய்ப் பற்கள், இவை புல்லைவிட இலைகளையே உண்டன என்பதைக் காட்டுகின்றன.

இந்தியத் துணைக்கண்டத்தில்

1830களில் சிவாலிக் மலைகளில் புதைபடிவங்களைச் சேகரித்த ஃபால்கனர், காட்லி ஆகியோர் விவரித்த ஓர் இனம் இன்று நெசுடோரிதேரியம் சிவலென்சே எனப்படுகிறது. திருக்கனூருக்கு அருகில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவக்கரைக் கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழமையானவை எனக் கருதப்படுகின்றன. அம்மரங்கள் வளர்ந்த மியோசீன் காலத்தில், துணைக்கண்டத்தின் வடமேற்கில் காலிகோதேர்கள் வாழ்ந்துவந்தன. ஆனால், திருவக்கரை மரப் புதைபடிவங்களுக்கே பெயர்பெற்றது.

அழிவு

பிளீசுடோசீன் காலத்தின் முற்பகுதிவரை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சில இனங்கள் எஞ்சியிருந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவின் அன்சைலோதேரியம், ஆதி மனித இனங்களின் சமகாலத்தில் வாழ்ந்தது. இக்குடும்பத்திற்கு இன்று நேரடி வழித்தோன்றல்கள் இல்லை.