ஹாலுக்குச் சந்தனமா, சாம்பலா?

தீபாவளி நெருங்கினால் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு சாயம் அடிப்பதுதான். பலகாரம், துணிமணி எல்லாம் அதற்குப் பிறகு. சில ஆண்டுகளாக அந்தப் பேச்சு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: சந்தன நிறமா, சாம்பல் நிறமா?

போன வருஷம் எங்கள் வீட்டில் சாம்பல் வென்றது. கடையில் நிற அட்டையில் பார்த்தபோது அத்தனை மென்மை. அடித்து முடித்து, மாலையில் விளக்கைப் போட்டால் ஹால் முழுக்க நீலம் பாய்ந்து கிடந்தது. "என்னய்யா இது, கிளினிக் மாதிரி இருக்கு" என்றார் அம்மா.

தவறு கடையில் இல்லை, வீட்டின் அமைப்பில் இருந்தது. எங்கள் வீடு இருப்பது 1950களில் கோலாலம்பூரின் துணை நகரமாக உருவான பெட்டாலிங் ஜெயாவில். இங்குள்ள பழைய தெரஸ் வீடுகள் குறுகலாக நீண்டவை; இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்புறமும் பின்புறமும்தான் நுழைய வேண்டும். கார் நிறுத்தப் போட்ட கூரை அதிலும் பாதியை மறைத்துவிடுகிறது. பகலிலேயே விளக்கு எரியும் ஹாலில் சுவரின் நிறத்தைத் தீர்மானிப்பது சூரியன் அல்ல, பல்புதான். 6500 கெல்வின் வெள்ளை விளக்கு நீலம் கலந்தது. பல சாம்பல் நிறங்களுக்குள்ளும் நீலமோ ஊதாவோ ஒளிந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் எங்கள் ஹால்தான். அட்டையை வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள், ஒளிந்திருப்பது தெரிந்துவிடும்.

வடக்கு அறை குளிர்ச்சி, தெற்கு அறை வெதுவெதுப்பு என்று குளிர்நாட்டார் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருக்கிறோம். ஆண்டின் நடுவில் வெயில் வடக்குச் சுவரிலும் விழும். இங்கே பார்க்க வேண்டியது கிழக்கும் மேற்கும். மேற்கு அறையில் மாலை வெயில் பட்டால் சந்தனம் ஆரஞ்சாகப் பழுக்கும். அங்கே சாம்பல் அழகு.

இருட்டு ஹாலுக்கு என் தீர்ப்பு சந்தனம்தான். செம்பழுப்பு மரத்தரையோடு அது ஒட்டி வரும். சாமி மேடை விளக்கின் மஞ்சள் ஒளியையும் அது வாங்கிக்கொள்கிறது. எங்கள் ஹாலை மறுபடி அடித்துவிட்டோம். சாம்பல் இப்போது மேற்கு அறையில் இருக்கிறது.

பெரிய டின் வாங்கும் முன், சிறிய டின் ஒன்று வாங்கி ஒரு பலகையில் இரண்டு பூச்சு அடியுங்கள். சுவரில் நேராக அடித்தால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். காலை, பிற்பகல் 3 மணி, இரவு என மூன்று வேளையும் பலகையைச் சுவரோரம் நிறுத்திப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.