காத்து நின்றவரும் வென்றவரே



கடலோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். திருவிழாவையொட்டி இளைஞர்கள் கால்பந்துப் போட்டி நடத்தினார்கள். கடற்கரை மணலில் பிறந்து, மணலிலேயே பந்தை உதைத்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். இறுதி ஆட்டம் ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் முடிந்தது. கோல் அடித்த இளைஞனை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, கோப்பையையும் நாமே வழங்கினோம். கூட்டம் கலைந்தபின் ஒரு தாய் நம்மிடம் வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“சாமி, கோல் அடிச்ச பிள்ளைக்கு கப்பு குடுத்திய, நல்லது. அத்தன பந்தும் தடுத்து நின்னது எனக்க மவன். அவனுக்க பேர ஒருக்கயாவது சொல்லியிருக்கப்பிடாதா?”

நமக்கு நாணம் உண்டாயிற்று. அந்தப் பையனின் பெயரே நமக்குத் தெரியாது. தொண்ணூறு நிமிடமும் எதிரணியினரைத் தன் எல்லைக்குள் நுழையவிடாமல் நின்ற அவனை நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் காணவில்லை. அந்தத் தாயின் கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

கால்பந்தில் காவல் காப்பதை ஒரு கலையாகவே வளர்த்த நாடு இத்தாலி. அந்நாட்டார் தங்கள் தற்காப்பு ஆட்டமுறைக்கு இட்ட பெயர் ‘கத்தெனாச்சோ’. அதன் பொருள் என்ன தெரியுமா? கதவின் தாழ்ப்பாள்! பகல் முழுவதும் யாரும் தாழ்ப்பாளைப் புகழ்வதில்லை. ஆனால் அது இருப்பதனால்தான் இரவில் வீட்டார் நிம்மதியாக உறங்குகிறார்கள். பக்கெத்தி, சிரேயா, பரேசி, மல்தீனி என அந்நாடு ஈன்ற தற்காப்பாட்டக்காரர்களை உலகமே அறியும். 1982இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அதன் பின்களத்தில் நின்றவர் கயத்தானோ சிரேயா. தம் ஆட்ட வாழ்வில் ஒருமுறைகூட நடுவரால் வெளியேற்றப்படாதவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. காவல் காப்பது வேறு, முரட்டுத்தனம் வேறு என்பதற்கு அவரே சான்று.

இத்தகைய தாழ்ப்பாள் ஒன்று நம் பாரத நாட்டிலும் இருந்ததை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? அவர் பெயர் ஜர்னைல் சிங்.

1936ஆம் ஆண்டு பிறந்த ஜர்னைல் சிங், நாடு பிரிவினையுண்டு பஞ்சாப் மண் குருதியில் நனைந்த நாட்களைச் சிறுவனாகக் கண்டவர். கால்பந்துக்குப் பெயர்போன மாஹில்பூரின் கால்சா கல்லூரியில் ஆடத் தொடங்கினார். பின்னர் கல்கத்தா சென்று ராஜஸ்தான் கழகத்தில் சேர்ந்தார். 1959இல் மோகன் பகான் கழகத்துக்கு வந்து, சுமார் பத்து ஆண்டுகள் அதன் பின்களத் தூணாக நின்றார். அவர் நின்ற இடத்தை அக்காலத்தில் ‘ஸ்டாப்பர்’ என்பார்கள். கோல்கீப்பருக்கு முன்னால், நடுவில் நிற்கும் கடைசிக் காவல் அது. உயர்ந்த உடலும் அஞ்சாத நெஞ்சும் கொண்ட அவரைத் தாண்டிச் செல்வது எளிதாக இருக்கவில்லை. அவர் ஆடிய அந்த ஆண்டுகளிலேயே மோகன் பகான் 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை கல்கத்தா லீக் பட்டத்தையும், 1963 முதல் 1965 வரை தொடர்ந்து மூன்று முறை தூரந்து கோப்பையையும் வென்றது. 1960ஆம் ஆண்டு ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் பிரான்சு நாட்டுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்த இந்திய அணியிலும் அவர் இடம்பெற்றிருந்தார்.

ஆயினும் அவர் பெயரை நிலைநிறுத்தியது 1962ஆம் ஆண்டு, இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டி.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இரண்டுக்குச் சுழி எனத் தோற்றது இந்தியா. அடுத்துத் தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என வென்றது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து, தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானுடன் நடந்த ஆட்டத்தில் அவரால் இறங்க இயலவில்லை. அரையிறுதி நெருங்கியது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம் ஒரு துணிவான முடிவு எடுத்தார். தலையில் கட்டுடன் இருப்பவரைப் பின்களத்தில் நிறுத்தினால், உயர்ந்து வரும் பந்துகளையெல்லாம் தலையால் தடுக்க நேரிடும். எனவே அவரை முன்களத்துக்கு அனுப்பினார். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்கள ஆட்டக்காரராகவும் ஆடியவர் என்பதை ரகீம் மறக்கவில்லை. தென்வியட்நாமுடன் நடந்த அரையிறுதியில் இந்தியா மூன்றுக்கு இரண்டு என வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைல் அடித்தது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள்; அவர்களில் பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சலிட்டனர். இஸ்ரேல், தைவான் நாட்டு வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்தியப் பிரதிநிதி குரு தத் சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபம் ஆடுகளத்தில் நின்ற வீரர்கள்மீது பாய்ந்தது. பதினேழாம் நிமிடம் பி. கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். இருபதாம் நிமிடம், தலையில் காயத்துடன் ஆடிய ஜர்னைல் இரண்டாவது கோலை அடித்தார். கொரியர்கள் இறுதி நிமிடங்களில் ஒன்றைத் திருப்பினார்கள். இரண்டுக்கு ஒன்று, தங்கம் இந்தியாவுக்கு! அதற்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நம் நாடு இன்னும் ஒரு தங்கம் பெறவில்லை. அந்த வெற்றியை வகுத்துத் தந்த ரகீம், புற்றுநோய்க்கு இரையாகி 1963 ஜூன் மாதம் மறைந்தார்.

வாசகர்களே, இங்குச் சற்று நின்று சிந்திப்போம். ஜர்னைல் சிங் என்றதும் இன்றும் எல்லாரும் சொல்வது அந்தக் கோலைத்தான். தம் வாழ்நாளெல்லாம் கோல் விழாமல் காத்தவரைக்கூட, அவர் அடித்த கோலைக் கொண்டே உலகம் நினைவில் வைத்திருக்கிறது! அன்று அவர் முன்னே சென்றபோது, அவர் விட்டுச்சென்ற இடத்தில் நின்றது யார்? அருண் கோஷ். அவருக்கு இருபுறமும் நின்றவர்கள் கேரளத்தின் சந்திரசேகரும் திரிலோக் சிங்கும். அவர்களுக்குப் பின்னால் கோல் காத்தவர், மதராஸ் படைப்பிரிவில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். இவர்கள் தடுத்த பந்துகளின் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. அத்தனையும் தடுக்கப்படாதிருந்தால் அடித்த இரண்டு கோல்களால் என்ன பயன்? அந்தத் தாய் நம்மிடம் கேட்ட கேள்வியும் இதுவே அன்றோ?

ஜர்னைல் சிங்குக்கு 1964இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 1965 முதல் 1967 வரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். பின்னர் பயிற்சியாளராகவும், பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறை அதிகாரியாகவும் பணியாற்றி, இளையோர் பலரை உருவாக்கினார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் கனடாவில் மறைந்தார். காயம் பட்டபோதும் “என் இடம் இது அல்லவே” என்று அவர் மறுக்கவில்லை. அணிக்கு எங்கே தேவையோ அங்கே நின்றார். அவருடைய சாதனைகளுள் இதனையே நாம் தலையாயதாகக் கருதுகிறோம்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு நம் குமரி மாவட்டத்திலேயே உண்டு. தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள், கடலுக்குச் செல்லும் குடும்பங்களிலிருந்து கால்பந்து வீரர்கள் பலரை நாட்டுக்குத் தந்துள்ளன. அவற்றுள் ஒன்றான இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், முன்னேறித் தாக்கும் ஓர ஆட்டக்காரராகப் பெயர் பெற்றவர். இந்திய அணிக்கும் ஆடியவர். 2019-20ஆம் ஆண்டு ஏ.டி.கே. அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்ற பருவத்தில், இடது ஓரத்தில் தாக்குதலோடு தற்காப்பையும் சேர்த்துச் சுமக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. காப்பவர் ஒருவர் தாக்கச் சென்றார். தாக்குபவர் ஒருவர் காக்கத் திரும்பினார். இரண்டும் ஒரே பண்பின் இரு முகங்கள்.

பெற்றோரே, மாலையில் பிள்ளை ஆடிவிட்டு வீட்டுக்கு வந்ததும் “எத்தனை கோல் அடித்தாய்?” என்று கேட்கிறோம். “எத்தனை பந்து தடுத்தாய்?” என்று என்றேனும் கேட்டதுண்டா? வீட்டிலும் இவ்வாறே. சம்பாதித்துக் கொண்டுவருபவர் கண்ணுக்குத் தெரிகிறார். கடன் ஏறாமல், அடுப்பு அணையாமல், பிள்ளை வழிதவறாமல் காத்து நிற்கும் தாயின் பெயரை யாரும் மேடையில் சொல்வதில்லை. நோயுற்ற தாத்தாவின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் மகளுக்குக் கோப்பை ஏது?

மறு ஆண்டுத் திருவிழாவில், இளைஞர்களின் இசைவோடு இரண்டாவது கோப்பை ஒன்றையும் சேர்த்தோம். சிறந்த தற்காப்பாட்டக்காரருக்கு என்று அதில் பொறிக்கச் செய்தோம். ஆனால் அந்தப் பையன் அவ்வாண்டு ஆடவில்லை. படகில் வேலைக்குச் சேர்ந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தான். கோப்பை வேறொருவனுக்குச் சென்றது. மேடையில் நின்று அந்தப் பையனின் பெயரை உரக்கச் சொன்னோம். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அந்தத் தாய், முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

ஓராண்டு தாமதித்துச் சொன்ன பெயர் அது. உங்கள் இல்லத்தில் காத்து நிற்பவரின் பெயரை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.