கப்பல் வந்துவிட்டது; நாம் எப்போது இறங்குவது?

மும்பையிலிருந்து கோவாவுக்கும் லட்சத்தீவுக்கும் சொகுசுக் கப்பலில் போய் வரும் பழக்கம் நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து, பேரன் பேத்திகளோடு மூன்று நாள் கடலில் சுற்றிக் காட்டி, திரும்பிய அன்றே அவர்களை ஊர் ரயிலில் ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு இடறும் இடம் ஒன்று உண்டு. பயணச் சீட்டில் 'காலை 8 மணி, மும்பை' என்று போட்டிருந்தால் அது கப்பலுக்கு உரிய நேரம். நாம் தரையில் கால் வைக்கும் நேரம் அதற்குப் பிறகுதான். எவ்வளவு பிறகு என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ரயில் நின்றால் எல்லாப் பெட்டிகளின் கதவுகளும் திறந்துகொள்கின்றன. கப்பலில் ஆயிரத்து எண்ணூறு பேர் இருந்தாலும் இறங்குவதற்கு ஒன்று அல்லது இரண்டு வழிகள்தான். அதற்கும் முன்னால் கப்பல் கரையைத் தொட வேண்டும். எந்தப் பெரிய கப்பலும் கேப்டனின் விருப்பப்படி நேராகத் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடுவதில்லை. துறைமுகத்தைச் சேர்ந்த பைலட் ஒருவர் படகில் வந்து கப்பலில் ஏறி, வழி சொல்லி உள்ளே கொண்டுவருகிறார். விமானம் ஓட்டுகிறவருக்கு மட்டும் உரிய பெயர் அல்ல பைலட்! 'பெர்த்' என்பதும் அப்படித்தான். நமக்கு அது ரயிலில் படுக்கும் பலகை. துறைமுகத்தில் கப்பல் வந்து கட்டப்படும் இடம். மூடுபனி இருந்தாலோ, காற்று பலமாக வீசினாலோ, முன்னே வந்த கப்பல் பெர்த்தைக் காலி செய்யாவிட்டாலோ, நம் கப்பல் கரை தெரியும் தூரத்திலேயே நின்றுகொண்டிருக்கும். மேல்தளத்தில் நின்று பார்த்தால் கேட்வேயும் தாஜ் ஹோட்டலும் தெரியும், போகத்தான் முடியாது.

மும்பைக்கு இன்னொரு குணம் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே கடல்நீர் நாலு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஒரு மாடி உயரத்தையும் தாண்டிய அளவு இது. கப்பலின் வாசலும் நீரோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதனால் இறங்கு பாலத்தின் சரிவு மணிக்கு மணி மாறும். சரிவு அதிகமாக இருக்கும்போது சக்கர நாற்காலியில் இருப்பவர்களைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் கோபப்படாதீர்கள். அவர்கள் நல்லதற்குத்தான்.

வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டு வரும் கப்பலானால் இமிக்ரேஷன், கஸ்டம்ஸ், துறைமுக சுகாதார அதிகாரி என்று மூன்று பேரின் அனுமதியும் வேண்டும். கப்பலில் மஞ்சள் கொடி ஏற்றியிருந்தால் உள்ளே நோய் என்று பலர் நினைப்பார்கள். இன்றைய சர்வதேச வழக்கில் அதன் பொருள் நேர் எதிரானது: 'என் கப்பலில் எல்லோரும் நலம், இறங்க அனுமதி தாருங்கள்' என்ற விண்ணப்பம் அது. இந்த நடைமுறைக்கு வயது அறுநூறுக்கு மேல். பிளேக் நோய்க்கு அஞ்சிய ரகூசா நகரம் (இன்றைய டுப்ரோவ்னிக்) 1377இல், நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் முப்பது நாள் விலகி இருந்த பிறகே உள்ளே வரலாம் என்று விதித்தது. பின்னால் அது நாற்பது நாள் ஆயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' பிறந்தது.

பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமாவில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதில் 3,711 பேர். எழுநூறுக்கும் மேற்பட்டோருக்கு கொரோனா தொற்றியது. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் அறைக்குள் அடைந்து கிடந்த நாட்களில் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இந்த ஊழியர்கள்தாம். அவர்களுக்கு ஏது தனி அறை? பிப்ரவரி 27 அன்று 119 இந்தியர்கள் விமானத்தில் டில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். உடனே வீட்டுக்குப் போக முடிந்ததா என்றால் இல்லை, மானேசரில் மறுபடி தனிமை. நமக்கு அருகிலேயே, 2022 ஜனவரி முதல் வாரத்தில், மும்பையிலிருந்து சுமார் 2,000 பேருடன் கோவா சென்ற கப்பலில் 66 பேருக்குத் தொற்று உறுதியாகி, கப்பல் மும்பைக்கே திருப்பி அனுப்பப்பட்டது. புத்தாண்டுக்குக் கோவா பார்க்கப் போனவர்கள் மர்மகோவா துறைமுகத்தைக் கப்பலிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இவையெல்லாம் அபூர்வம். வழக்கமான தாமதத்துக்குக் காரணம் லக்கேஜ். கடைசி இரவு, பெரிய பெட்டிகளுக்கு வண்ணச் சீட்டு கட்டி அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி என்றாலும் மூவாயிரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவும் கரை இறங்கி, வண்ணவாரியாக அடுக்கப்பட்ட பிறகுதான் அந்தந்த வண்ணத்தாரைக் கூப்பிடுவார்கள். அதுவரை அரங்கிலோ ஓட்டல் கூடத்திலோ உட்கார்ந்திருக்க வேண்டும். அறையைக் காலையிலேயே காலி செய்துவிட வேண்டும். அறை நிலுவைப் பணம் கட்டாதவர்களின் அட்டை வாசலில் வேலை செய்யாது. ஒருவர் நின்றால் பின்னால் வரிசையே நிற்கும்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சோதனை இங்கேதான் வருகிறது. 'ஏண்டா, இன்னும் எவ்வளவு நேரம்?' என்று அம்மா கேட்கும்போது மணி பத்தரை ஆகியிருக்கும். காலை டிபன் எட்டு மணியோடு முடிந்திருக்கும். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் முந்திய இரவே பெரிய பெட்டிக்குள் போய், அந்தப் பெட்டி எங்கேயோ கப்பலின் அடித்தளத்தில் இருக்கும். ஆகவே மருந்து, மருந்துச் சீட்டு, மூக்குக் கண்ணாடி, அடையாள அட்டை அல்லது பாஸ்போர்ட், போன் சார்ஜர், ஒரு மாற்றுத் துணி, கொஞ்சம் பிஸ்கட் இவை கைப்பையை விட்டு அகலக் கூடாது. இன்சுலினை வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். முட்டுவலிக்காரர் இருந்தால் கடைசி நாள் வரை காத்திராமல் முதல் நாளே வரவேற்பு மேஜையில் சொல்லிவிடுங்கள். கைக்கு அடக்கமான லக்கேஜ் என்றால் தாமே தூக்கிக்கொண்டு இறங்குவோருக்கு முதலில் வழிவிடும் வழக்கம் பல கப்பல்களில் உண்டு. இளையவர்களுக்கு அது சௌகரியம். பாட்டியை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் முண்டியடிக்க வேண்டாம்.

லட்சத்தீவில் கதை வேறு. பெரிய கப்பல் தீவை ஒட்டி வர அங்கே ஆழம் இல்லை. கப்பல் வெளிக்கடலில் நிற்கும். சிறு படகில் மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். அலை எழும்பினால் படகு கப்பலோரம் ஏறி ஏறித் தாழும். மாலுமி 'இப்போது' என்று சொல்லும் கணத்தில்தான் காலெடுத்து வைக்க வேண்டும். கடல் இன்னும் முரண்டினால் இறங்குவதையே ரத்து செய்துவிடுவார்கள். பணம் கட்டி வந்தோம் என்று அப்போது வாதாடிப் பயனில்லை.

ஒரு காலத்தில் ரயில் கப்பலுக்காகக் காத்திருந்தது. பல்லார்டு பியரில் கடலோரமாகவே ஒரு ரயில் நிலையம் இருந்தது. ஐரோப்பாவிலிருந்து தபால் கப்பல் வந்ததும் அங்கிருந்தே வடக்கே வண்டி புறப்படும். நம் பக்கத்தில் தனுஷ்கோடி வரை ஓடிய 'போட் மெயில்' 1964 புயல் வரை தலைமன்னார் கப்பலோடு கைகோத்திருந்தது. இன்று எந்த ரயிலும் யாருக்காகவும் நிற்காது. உறுதியான டிக்கெட்டாக இருந்தாலும் வண்டி போன பிறகு பணம் திரும்பாது. கப்பல் கம்பெனியின் நிபந்தனைகளில், தாமதத்தால் தவறும் ரயிலுக்கும் விமானத்துக்கும் பொறுப்பல்ல என்ற வரி பெரும்பாலும் இருக்கும். படிக்காமல் கையெழுத்திடுவது நம் வழக்கம்! காப்புறுதி எடுப்பவர்கள் 'தவறிய இணைப்புப் பயணம்' அதில் சேர்ந்திருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அன்றைய பகல் வண்டியைத் தொடாதீர்கள். இரவு வண்டி, அதுவும் குர்லா டெர்மினஸிலிருந்து என்றால், நகர நெரிசலுக்கும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரில் கல்யாணமோ காரியமோ இருந்தால் மறுநாள் டிக்கெட்தான் எடுக்க வேண்டும். தாமதமானால் கப்பல் ஒலிபெருக்கி ஆங்கிலத்திலும் இந்தியிலும் அறிவிக்கும். பெரியவர்களுக்குப் புரியும்படி வீட்டு இளையவர் ஒருவர் அவ்வப்போது எடுத்துச் சொல்லட்டும். வரவேற்க வருகிறவர்களைக் காலை எட்டு மணிக்கே துறைமுக வாசலுக்கு வரச் சொல்லாதீர்கள். அங்கே உள்ளே விடமாட்டார்கள், வண்டி நிறுத்த இடமும் கிடைப்பது கடினம். உங்கள் வண்ணத்தைக் கூப்பிட்டதும் போன் செய்தால் போதும். வாசலைத் தாண்டுமுன் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். வெளியே வந்த பிறகு ஒன்று குறைந்தால், பாதுகாப்புப் படையினரிடம் விளக்கி மறுபடி உள்ளே போவது இன்னொரு அரை நாள் வேலை.